பிரிக்கப்படாத மூன்று கற்கள்

1

இக்குறிப்புகளில் நான் கண்ணால் கண்டவற்றையும், கண்டவர்களிடம் தொலைபேசியில் மீண்டும் கேட்டு உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே தருகிறேன். நினைவு தானாகச் சேர்த்துக்கொண்டதோ என்று ஐயம் எழுந்த இடங்களில் அந்த ஐயத்தையும் எழுதிவிடுகிறேன். இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. என் அண்ணன் வேலுச்சாமி பழனிக்கு நடந்து சென்ற வழியில் காணாமற்போய்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அவர் இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் வடமதுரைக்கு அருகிலுள்ள தோட்டத்தின் பட்டா என் மதினி பேச்சியம்மாளின் பெயருக்கு மாறும். அண்ணனைக் கடைசியாகக் கண்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே மெல்பர்னில் வாழும் நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வழக்கறிஞர் அனுப்பிய வரைவில் ஒரு வாக்கியம் என்னால் கையெழுத்திட இயலாததாக இருந்தது. அவ்வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வாரங்கள் கழித்தேன்.

அதே வாரங்களில் என் மகள் கயல்விழி வேறொன்று கேட்டாள். வெட்டவெளியில் சமைப்பதற்கு ஓர் எளிய அடுக்களையை அமைப்பது எப்படி என்று, அவளும் அவள் தோழிகளும் பயன்படுத்தும்படி எழுதித் தரச் சொன்னாள். இரண்டையும் தனித்தனியே எழுதவே முயன்றேன். அண்ணனை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

2

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம்.

இந்நாட்டில் கோடை முழுவதும் வெளியில் தீ மூட்டத் தடை உண்டு. தடை நீங்கிய பிறகு, நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், ஒரு பண்ணைக்காரரின் நிலத்தில் முகாமிட அனுமதி பெற்றோம். நான், கயல்விழி, அவள் கணவர் லியம் ஆகிய மூவர். என் மனைவிக்கு மருத்துவமனையில் பணி இருந்தது. பண்ணைக்காரர் விதித்த கட்டளைகள் தெளிவானவை: தீயை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, புறப்படும்போது அடுப்பு இருந்த சுவடே தெரியக் கூடாது.

கயல்விழியின் எரிவாயு அடுப்பு காற்றுக்கு அணைந்துகொண்டே இருந்தது. நான் வேலியோரம் கிடந்த மூன்று கற்களைப் பொறுக்கி வந்து அடுப்புக் கூட்டினேன். தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும் ஆயின. நாங்கள் இருவரும் உண்டோம். லியம் ஓடைக்கரையோரம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். பொழுது மேற்கே சாய்ந்ததும் கயல்விழி தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்து, முதற்கல்லைப் பெயர்த்தாள்.

"ஏ கயலு, கல்லைத் தொடாத! மாப்பிள்ளை இன்னும் சாப்பிடலல்ல!"

நான் கத்தினேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை. அவள் கூற்றை ஏற்கிறேன்.

"அவருக்கு டப்பால எடுத்து வச்சிருக்கேன்ப்பா. சாப்பாடு இருக்கு. கல்லு எதுக்கு?"

"கல்லு இருக்கட்டும். வரட்டும்."

"அவர் என்ன குழந்தையா? வந்துடுவார். நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க?"

நான் ஓடைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அப்பக்கம் பார்த்தாள். பிறகு பெயர்த்த கல்லை அது இருந்த குழியிலேயே திரும்ப வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து அமர்ந்து கேட்டாள்: "பெரியப்பா தொலைஞ்சு போன கதையா?"

தொலைந்து போவது குடையும் சாவியும், மனிதர் காணாமற்போவார். இந்தத் திருத்தத்தைச் சொல்ல வாய் எடுத்தேன். இங்கே பிறந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னிடமே தமிழ் கற்றவள் அவள். அவளுக்குக் கிடைத்த சொற்களைக் கொண்டு கேட்கிறாள் என்று எண்ணி நிறுத்திக்கொண்டேன். பெரியப்பாவைப் பற்றி அவள் கேட்டது அதுவே முதன்முறை. நானும் அதுவரை சொன்னதில்லை; அவர் காணாமற்போன செய்தியை மட்டும் அவள் தன் தாயிடம் கேட்டிருந்தாள்.

3

அடுக்களையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேண்டியது அதுவே.

எங்கள் ஊரிலிருந்து ஒரு குழு தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்லும். திண்டுக்கல்லைக் கடந்து, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் பாதை. நடப்பவர்களுக்கு முன்னால் அடுக்களை செல்லும். குட்டியானை என்று எல்லாரும் அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் அண்டா, அரிசி, விறகு, தண்ணீர்க் கலன்கள், இரண்டு தார்ப்பாய்கள், ஒரு மண்வெட்டி. வண்டியை ஓட்டியவர் செல்வம். அடுக்களைக்குப் பொறுப்பு அண்ணன்.

அண்ணன் இடம் பார்க்கும் முறை இது. முதலில் தண்ணீர்: பம்புசெட் இருக்கும் தோப்பாகப் பார்த்து, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டே இறங்குவார். அடுத்துக் காற்று: ஒரு பிடி மண்ணை மெல்லக் கீழே விட்டு, புழுதி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்தில் அடுப்பு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆட்கள் படுக்கும் நிழல். இல்லையென்றால் நடந்து களைத்தவர்கள் புகையில் இருமிக்கொண்டு கிடப்பார்கள்.

கற்களை வயற்பரப்பிலிருந்தே எடுக்க வேண்டும். ஓடைக்குள் நனைந்து கிடந்த கல் சூடேறினால் வெடிக்கும். கயல்விழி இதை மறக்கக் கூடாது. மூன்று கற்களையும் வைத்து, மேலே பாத்திரத்தை ஏற்றிச் சிறிது தண்ணீர் விட்டுப் பார்த்தால் எந்தக் கல் தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். தாழ்ந்த கல்லுக்கு அடியில் மண்ணைத் தட்டி உயர்த்த வேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறம் முழுவதும் ஈரமண் பூசிவிட்டால் கரி பிடிக்காது, கழுவுவது எளிது.

பிறகு ஒரே வரிசை: காய் அரிவது, அடுப்பு, பரிமாறுவது, கழுவுவது. ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்கு யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. குடிநீர்க் கலனில் கைவிடக் கூடாது. மொண்டுகொள்ள நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்று அதிலேயே தொங்கும். தீப்பெட்டி அரிசி மூட்டைக்குள் புதைந்திருக்கும்; பனியில் நமுத்துப்போகாது. இறங்கியவுடன் வேண்டியது எதுவோ, அது வண்டியில் கடைசியாக ஏற வேண்டும்.

இவற்றை அண்ணன் யாரையும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஏசியவாறே செய்வித்தார். செல்வம் ஒருமுறை மண்வெட்டியை அரிசி மூட்டைகளுக்கு அடியில் ஏற்றிவிட்டார்.

"ஏலே செல்வம், மம்பட்டிக்கு மேல அம்புட்டு அரிசியவும் அடுக்கிருக்கியே, அதென்ன உங்க மாமியா வீட்டுச் சீரா, பத்தரமா பூட்டி வைக்க?"

"எறக்குறது நாந்தானண்ணே. நீங்க எதுக்கு வையிறீக?"

"நீ எறக்கி முடிக்கிறதுக்குள்ள நடந்து வாரவுக பழனிக்கே போயிருவாகடா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார். இந்த உரையாடலைச் செல்வத்திடம் அண்மையில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

அடுக்களைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஆக்குகிறவர் கடைசி ஆளோடு சேர்ந்து உண்பார். அதற்கு முன் வாயில் எதையும் போடமாட்டார். கடைசி ஆள் உண்டு முடித்த பிறகே தீயை முழுதும் அவித்து, மூன்று கற்களையும் பிரித்து வெவ்வேறு பக்கம் போட வேண்டும். "மூணு கல்லும் சேந்து கெடந்தா, பின்னாடி வாரவன் சோறு இருக்குதுன்னு நம்பி நிப்பான். யாரையும் நம்ப வச்சு ஏமாத்தக் கூடாது" என்பது அண்ணன் சொன்ன விளக்கம். இது எங்கள் குழுவின் வழக்கம். பிற குழுக்களிடமும் இருந்ததா என்று விசாரிக்கவில்லை.

4

அந்த ஆண்டு நான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். அடுக்களையோடு சென்றேன்.

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டிச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு தென்னந்தோப்பில் மதியச் சமையல். எல்லாரும் உண்டு, செத்த நேரம் படுத்து எழுந்து, மேற்கே நடையைத் தொடர்ந்தார்கள். சோமு மாமா மட்டும் வரவில்லை. அவர் எங்கள் தெருக்காரர். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பாதத்தில் கொப்புளம் கண்டு, காலையிலிருந்தே பின்தங்கி நடந்தார்.

இரவுச் சமையல் ஒட்டன்சத்திரத்தில். அங்கே சந்தையில் காய் எடுக்க வேண்டும். சந்தை வியாபாரி அண்ணனின் கைபேசிக்குத்தான் அழைப்பார் என்பதால், அதை அண்ணன் என்னிடம் கொடுத்தார்.

"நீயும் செல்வமும் போங்க அப்பு. நான் மாமாவுக்குச் சோத்தைப் போட்டு, கையோட கூட்டிட்டு வாரேன்."

"வண்டியைத் திருப்பி அனுப்பட்டுமாண்ணே?"

"எதுக்கு? எனக்கு நெழலு இருக்கு, சோறு இருக்கு, பேச்சுத் தொணைக்கு மாமா வாராரு. நீ போயி கத்திரிக்காயைப் பாத்து எடு. போன தடவ மாதிரி சொத்தையா எடுத்துட்டு வந்து, வெளிநாட்டுக்காரருன்னு பேரு வாங்காத."

இதுவே அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. பிரமாணப் பத்திரத்தில் இச்சொற்களை அப்படியே எழுதியிருக்கிறேன். கத்திரிக்காயைப் பற்றியது தேவையற்றது என்று வழக்கறிஞர் கருதினார். நீக்க மறுத்துவிட்டேன்.

எங்கள் வண்டி கிளம்பியபோது அவர் வாழையிலையால் மூடிய ஒரு தூக்குச்சட்டியை அடுப்பின்மேல் ஏற்றி, மூடியின்மேல் சிறு கல் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். சட்டியில் இருவருக்கான சோறு.

நாங்கள் ஒட்டன்சத்திரத்தை அடைந்தபோது, ஒரு மண்டபத்தின் வாசலில் சோமு மாமா உட்கார்ந்திருந்தார். அறிந்தவர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றி வந்து இறக்கிவிட்டிருந்தார். தோப்பு சாலையிலிருந்து உள்ளடங்கியிருந்ததால் அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களும் அண்ணனைப் பார்க்கவில்லை. வேண்டுதல் நடையில் வண்டி ஏறியதைச் சொல்லக் கூசி, மாமா யாருக்கும் செய்தி அனுப்பாமல் இருந்தார்.

"ஏறுனது தப்புத்தேன், காலு ஏலல. ஆமா, வேலு எங்க?" என்றார் என்னிடம்.

வண்டியை உடனே திருப்பினோம். வெளிச்சம் மங்குவதற்குள் தோப்பை அடைந்துவிட்டோம். மூன்று கற்களும் இருந்தபடியே இருந்தன. தீ அவிந்திருந்தது, சாம்பலில் சூடு இருந்தது. தூக்குச்சட்டி மூடியபடி, மேலே வைத்த கல்லோடு இருந்தது. கரண்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் இல்லை.

தேடிய இடங்களை விரிக்கவில்லை. கிணறுகள், இருப்புப்பாதை, மருத்துவமனைகள், காவல் நிலையம், பழனி அடிவாரம் ஆகிய எல்லா இடங்களிலும் தேடினோம். காவல் துறையினர் புகாரைப் பதிந்தார்கள், முறையாக விசாரித்தார்கள். அவரைக் கண்டேன் என்று சொன்ன ஒருவர்கூட இரண்டாம் முறை கேட்டபோது உறுதியாகச் சொல்லவில்லை.

சில நாட்கள் கழித்துச் சோமு மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மதினி வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டில் சோறு எடுத்து வந்தார்.

"மொதல்ல சாப்பிடுங்க மாமா. பேச்செல்லாம் பெறகு."

அவர் அழுதுகொண்டே உண்டார். மதினி பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றினார். சோமு மாமா இன்று இல்லை.

5

பட்டாவுக்கு வருகிறேன். தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. மதினியின் மகன் ஆழ்துளைக் கிணறு போட்டு, புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பித்தான். நிலத்தின் உரிமையாளர் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். உரிமையாளர் வேலுச்சாமி. ஏழாண்டுகளுக்கு மேல் ஒருவரைப் பற்றி, இருந்தால் அறிந்திருக்கக்கூடியவர்கள் எதுவும் அறியவில்லையெனில், அவர் இறந்தாரெனக் கருதச் சட்டம் இடம் தருகிறது. அவ்வாறே வழக்குத் தொடுத்தார்கள். மல்லிகைச் செடிகள் தண்ணீரின்றிக் காய்ந்துகொண்டிருந்தன.

வரைவில் இருந்த வாக்கியம்: "மேற்படி வேலுச்சாமி இறந்துவிட்டார் என்று உளமார நம்புகிறேன்." மற்ற எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடே.

முகாமுக்குச் சில நாட்கள் முன்பு, கையொப்பமிடும் முறையைக் கேட்டறியத் தூதரக அலுவலகத்துக்குச் சென்றேன். சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் தமிழர், இளைஞர், பணிவானவர்.

"இறந்தவருக்கு நீங்க என்ன சார் உறவு?"

"காணாமற்போனவருக்குத் தம்பி."

அவர் தம் முன்னிருந்த படிவத்தைப் பார்த்தார். "இதுல அப்படி ஒரு கட்டம் இல்லையே சார். உயிரோட இருக்காரு, இறந்துட்டாரு, ரெண்டுதான் இருக்கு."

"எதையாவது ஒன்றைக் குறித்தே ஆக வேண்டுமா?"

"விட்டுட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது சார்." பின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க வீட்டுல பேசிட்டு இன்னொரு நாள் வாங்களேன்" என்றார்.

அவர் சொன்னபடி திரும்பிவந்தேன். மதினியை அழைத்தேன். அந்த வாக்கியத்தைப் படித்துக்காட்டினேன். மறுமுனையில் கோழிகளின் ஓசை கேட்டது.

"போடுங்க தம்பி. பிள்ளைக்குத் தண்ணி வேணும். காயிதத்துல செத்தா சாகட்டும்."

"நீங்க அப்படி நம்புறீங்களா மதினி?"

"நான் நம்புறதை யாரு கேட்டா? வருசா வருசம் அந்தத் தோப்புலதேன் மதியச் சோறு ஆக்குறோம். இப்ப அடுக்களை எம் பொறுப்புல. அவுக வச்ச அதே கல்லு. தோப்புக்காரரு அதைச் சுத்தித்தேன் உழுகுறாரு. ஆக்கி, எறக்கி, எல்லாருஞ் சாப்பிட்ட பெறகு தீய அமத்திட்டு வந்துருவோம். கல்லைப் பிரிக்க விடமாட்டேன்."

"ஏன் மதினி?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீக? அவுக இன்னும் சாப்பிடலைல்ல."

6

முகாமுக்குத் திரும்புகிறேன். இவை அனைத்தையும் கயல்விழியிடம் அந்த அடுப்பருகே சொன்னேன். முடிந்ததும் அவள் ஒன்றே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ப்பா? அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?"

"சாப்பிடுற வரைக்கும்."

"வரலன்னா?"

அதற்கு வழக்கம் எதையும் அண்ணன் ஏற்படுத்திவைக்கவில்லை. ஏற்படுத்தத் தேவை வந்ததில்லை.

ஓடைப்பக்கம் புதர்கள் அசைந்தன. லியம் வந்தார், முழங்கால்வரை சேறு. வழிதவறிச் சுற்றி வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கயல்விழி அவரை எதுவும் கேட்கவில்லை. டப்பாவில் வைத்திருந்த சோற்றை அவள் அடுப்பில் மீண்டும் சூடாக்கவில்லை. தீயை நாங்கள் அவித்திருந்தோம். ஆறிய சோற்றையே கொடுத்தாள். அவர் உண்ணுவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "சோற்றில் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?" என்று அவர் தம் மொழியில் கேட்டார். கயல்விழி அழுதவாறே சிரித்தாள்.

அவர் கடைசிக் கவளத்தை உண்டதும், அவள் என்னைப் பார்த்தாள்.

"இப்ப பிரிக்கலாமாப்பா?"

"பிரிம்மா."

சாம்பலில் இன்னும் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று உறுதிசெய்துகொண்டாள். ஒரு கல்லை வேலியோரம் எறிந்தாள். இரண்டாவதை லியம் கையில் கொடுத்தாள். அவர் காரணம் அறியாமல் வேறொரு பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். மூன்றாவதை என்னிடம் நீட்டினாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் அதை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்ததாக அவள் சொல்கிறாள்.

மறுவாரம் வழக்கறிஞரை அழைத்து, அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு இவ்வாறு எழுதலாமா என்று கேட்டேன்: "அவர் அத்தோப்பில் அடுப்பருகே இருந்ததை நான் கண்டேன். அதன்பின் அவரைக் கண்டதில்லை. அவரைப் பற்றிய எந்தச் செய்தியும் எனக்கு இதுவரை எட்டவில்லை."

"சட்டத்துக்கு அம்புட்டுப் போதும் சார். மிச்சத்தை ஜட்ஜ் பாத்துக்குவாரு" என்றார் அவர்.

அவ்வாறே எழுதி, தூதரகத்தில் அதே இளைஞரின் முன்னிலையில் கையெழுத்திட்டேன். படிவத்தில் 'இறந்துவிட்டார்' என்ற கட்டத்தை அவரே குறித்துக்கொண்டார். குறிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தாள்கள் அஞ்சலில் சென்றுவிட்டன. ஆணை வரக்கூடும்; வந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் வரும். அதை நான் விரும்புகிறேன்.

7

தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

அண்ணன் தோப்பிலிருந்து சாலைக்கு ஏறினாரா, எதிர்ப்பக்கத்துப் பாறைக்கரட்டு வழியே இறங்கினாரா என்பது தெரியாது. சோமு மாமாவைத் தேடிக் கிழக்கே நடந்திருப்பார் என்பது என் ஊகம். அதற்குச் சான்று இல்லை. யாரேனும் அவரை அழைத்தார்களா, அவருக்கு உடல்நலம் குன்றியதா, அவராகவே போனாரா என்பவை தெரியாதவை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தது அவர்தான் என்பதைக்கூட நான் பார்க்கவில்லை.

தூக்குச்சட்டியை முதலில் திறந்தவன் நான். மேலே மூடியிருந்த இலை குலையவில்லை. இருவர் சோறும் முழுதாக இருந்தது. ஆகவே அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பிறகு எங்கேனும் சாப்பிட்டாரா என்பது தெரியாது.